பந்துக்குக் கட்டும் வலை, காற்றுக்கு நிற்க வேண்டும்: மைதானத் தடுப்பு வலைகள் பற்றி ஒரு விளக்கம்

ஒரு மைதானத்தைச் சுற்றி உயரமான கம்பங்கள் நட்டு வலை கட்டப்போகிறார்கள் என்றதும் வடசென்னைத் தெருக்களில் இரண்டு கேள்விகள் எழும். ஒரு பந்தைத் தடுக்க இவ்வளவு ஆழமான குழியும் இவ்வளவு தடித்த இரும்பும் எதற்கு என்பது ஒன்று. போன மழைக்குச் சாய்ந்த கம்பம் இந்த மழைக்கு மட்டும் நின்றுவிடுமா என்பது மற்றொன்று. முதல் கேள்வி செலவைக் குறைக்கச் சொல்கிறது, இரண்டாவது பலத்தைக் கூட்டச் சொல்கிறது. இரண்டுக்கும் விடை ஒரே இடத்தில் இருக்கிறது: இந்த வலைக்குப் பந்து ஒரு பொருட்டே இல்லை. அதைச் சாய்ப்பது காற்று.

வியாசர்பாடி, தண்டையார்பேட்டை, காசிமேடு, திருவொற்றியூர் பக்கம் மைதானம் என்பது ஊருக்கு வெளியே இருப்பதில்லை. கோல் போஸ்ட்டுக்குப் பத்தடி பின்னால் வீட்டு ஜன்னல் இருக்கும். பக்கவாட்டுக் கோட்டை ஒட்டி மாநகரப் பேருந்து போகும். வலை இல்லாவிட்டால் ஓடு உடையும், இருசக்கர வாகனக்காரர் விழுவார், கடைசியில் விளையாட்டுக்கே தடை வரும். ஆகவே வலை வேண்டுமா என்ற கேள்விக்கு இடமில்லை. எப்படிப்பட்ட வலை என்பதுதான் பேச வேண்டியது.

வலைச் சுவரின் உறுப்புகள்

தரையில் நின்று பார்த்தால் கம்பமும் வலையும் மட்டும்தான் கண்ணில் படும். உண்மையில் விசை ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் கைமாறிப் போகும் ஒரு சங்கிலி அது.

1. வலை: நைலான் அல்லது எச்.டி.பி.இ. என்னும் பிளாஸ்டிக் வகை நூலால் ஆனது. நான்கு நூல்கள் சூழ்ந்த ஓட்டைக்குக் கண்ணி என்று பெயர்.
2. விளிம்புக் கயிறு: வலையின் நான்கு ஓரங்களிலும் கோத்துத் தைத்த தடித்த கயிறு. வலை தாங்கும் விசை முதலில் இதில் சேரும்.
3. வடம்: கம்பத்துக்குக் கம்பம் மேலேயும் கீழேயும் ஓடும் இரும்புக் கம்பிவடம். கடைக்காரர்கள் வயர் ரோப் என்பார்கள். விளிம்புக் கயிறு வளையங்களால் இதில் தொங்கும்.
4. கம்பம்: வரிசையின் நடுவில் நிற்பவை இடைக்கம்பங்கள், முனைகளிலும் மூலைகளிலும் நிற்பவை கடைக்கம்பங்கள். இரண்டுக்கும் வேலை வேறு.
5. அடித்தளம்: குழியும் கான்கிரீட்டும், அதைச் சுற்றியுள்ள மண்ணும். மண்ணும் இந்த அமைப்பின் ஓர் உறுப்புதான்.

பந்தின் விசை

இது சின்னக் கணக்கு. 430 கிராம் கால்பந்து மணிக்கு 90 கி.மீ. வேகத்தில் வந்து வலையில் மோதுகிறது என்று வைத்துக்கொள்வோம். வலை அரை மீட்டர் உள்வாங்கிப் பந்தை நிறுத்தினால், சராசரியாக 27 கிலோ எடை தொங்குவதற்குச் சமமான விசை சில நொடித்துளிகள் மட்டும் அதன்மேல் விழும். 160 கிராம் கிரிக்கெட் பந்து மணிக்கு 108 கி.மீ. வேகத்தில் வந்தால் சுமார் 15 கிலோ. அதுவும் பல கண்ணிகளுக்குப் பிரிந்து போய்விடும். வலை கொஞ்சம் தொளதொளவென்று இருந்தால்தான் இந்த உள்வாங்கல் நடக்கும். பலகை போல விறைத்த வலையில் பந்து எகிறித் திரும்பும், நூலும் சீக்கிரம் அறும்.

காற்றின் கணக்கு

கட்டடங்கள் மீது காற்று தரும் அழுத்தத்தைக் கணக்கிட இந்தியாவில் பின்பற்றப்படுவது ஐ.எஸ். 875 என்ற தரவிதியின் மூன்றாம் பகுதி. அதில் சென்னைக்குத் தரப்பட்டுள்ள அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கி.மீ. தினமும் வீசும் காற்றல்ல இது. பல பத்தாண்டுகளில் ஒருமுறை வரக்கூடிய உச்ச வீச்சு. 2016 டிசம்பர் 12-ம் தேதி வர்தா புயல் கரை கடந்ததைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கடற்கரைக்கு அப்படி ஒரு எண் ஏன் தேவை என்று சொல்லத் தேவையில்லை.

காற்றின் அழுத்தம் வேகத்தோடு நேராக ஏறுவதில்லை, வேகத்தின் வர்க்கத்தோடு ஏறும். மணிக்கு 36 கி.மீ. காற்று ஒரு சதுர மீட்டர் சுவரை ஏறத்தாழ 6 கிலோ விசையுடன் தள்ளும். 72 கி.மீ. ஆனால் 12 அல்ல, 24 கிலோ. 180 கி.மீ. ஆனால் 150 கிலோ. "தினமும் அடிக்கிற காற்றில் நன்றாகத்தானே நிற்கிறது" என்ற பேச்சு எதையும் நிரூபிக்காததற்குக் காரணம் இந்த வர்க்கம்தான்.

வலை சுவரல்ல, ஓட்டை நிறைந்தது. எனவே பார்க்க வேண்டியது அடைப்பு விகிதம்: மொத்தப் பரப்பில் நூல் அடைத்திருக்கும் பங்கு எவ்வளவு? 45 மி.மீ. கண்ணியும் 2.5 மி.மீ. நூலும் கொண்ட கிரிக்கெட் வலையில் அது 11 முதல் 12 விழுக்காடு. 100 மி.மீ. கண்ணி கொண்ட கால்பந்து வலையில் அதே நூலுக்கு 5 விழுக்காடுதான்.

இதை ஒரு மைதானத்தில் வைத்துப் பார்ப்போம். ஒரு பக்கம் 40 மீட்டர் நீளம், 8 மீட்டர் உயரம், 10 மீட்டருக்கு ஒரு கம்பம். மொத்தம் 320 சதுர மீட்டர். 180 கி.மீ. காற்றில், பின்பக்கம் உறிஞ்சும் விசையையும் சேர்த்து, கிரிக்கெட் வலை சதுர மீட்டருக்குச் சுமார் 20 கிலோ வாங்கும். ஒரு பக்கத்துக்கு மட்டும் 6.4 டன். கால்பந்து வலையாக இருந்தால் சதுர மீட்டருக்கு 9 கிலோ. மொத்தம் மூன்று டன்னுக்கும் கீழே. பந்தின் விசை 27 கிலோ என்று மேலே பார்த்தோம். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் குழி ஏன் ஆழம் என்பது விளங்கிவிடும்.

கால்பந்து மட்டுமே ஆடும் இடத்துக்குக் கிரிக்கெட் வலை வாங்குவது, காசு கொடுத்துக் காற்றை இழுத்துவந்து கம்பத்தின் மேல் ஏற்றும் வேலை. "கண்ணி சின்னதாக இருந்தால் வலை பலம்" என்ற எண்ணத்தால் இந்தத் தவறு திரும்பத் திரும்ப நடக்கிறது. கால்பந்தின் விட்டம் 22 செ.மீ.; 10 செ.மீ. கண்ணியில் அது நுழைய வழியே இல்லை.

பேனரும் பச்சை வலையும்

மைதான வலையைப் பார்த்தாலே போட்டி விளம்பரமோ பிறந்தநாள் வாழ்த்தோ கட்டத் தோன்றும். 20 அடிக்கு 10 அடி ஃபிளெக்ஸ் பேனர் ஒன்று சுமார் 18.5 சதுர மீட்டர். 40 மீட்டர் வலைச் சுவரோடு ஒப்பிட்டால் அது மூலையில் ஒட்டிய ஒரு துண்டு. ஆனால் அதில் ஓட்டை கிடையாது. மேலே சொன்ன உச்சக் காற்றில் பின்பக்க உறிஞ்சலையும் சேர்த்து அது வாங்குவது 3.3 டன், அதாவது முழு கிரிக்கெட் வலையும் சேர்ந்து வாங்குவதில் பாதி. அவ்வளவு வேகத்தில் பேனர் கிழிந்து போய்விடும் என்பது உண்மைதான். ஆனால் 72 கி.மீ. கோடைக் காற்றில் பேனர் கிழியாது; அப்போதும் அந்தப் பாதி என்ற விகிதம் மாறாது. அதோடு அந்தச் சுமை முழுவதும் இரண்டே கம்பங்களின் மேல், பெரும்பாலும் அவற்றின் மேல்பாதியில் விழுகிறது.

தூசிக்கும் மறைப்புக்கும் கட்டும் பச்சை நிழல்வலையும் இதே வகைதான். 50 அல்லது 75 விழுக்காடு நிழல் தரும் வலை என்றால் காற்றையும் அந்த அளவுக்கு மறிக்கிறது என்று பொருள். தரையிலிருந்து ஆறடி வரை கட்டினால் பாதிப்பு ஒப்பீட்டளவில் குறைவு. அதற்கு மேல் ஏற்றுவது கம்பத்தைப் போட்ட பொறியாளரின் கணக்கைக் கிழித்துப் போடுவதற்குச் சமம்.

2024 மே 13 அன்று மும்பை காட்கோபரில் ராட்சத விளம்பரப் பலகை விழுந்து 17 பேர் இறந்தார்கள். அன்று வீசியது புயல் அல்ல, புழுதிக்காற்றும் கோடை மழையும். பெரிய அடைப்புப் பரப்பு, உயரம், போதாத அடித்தளம் மூன்றும் ஒன்று சேர்ந்தால் புயல்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

கம்பம்: உயரம் என்ன விலை கேட்கிறது

நமது எடுத்துக்காட்டில் ஓர் இடைக்கம்பத்தின் பங்கு 10 மீட்டர் அகலம், 8 மீட்டர் உயரம். கிரிக்கெட் வலைக்கு 1.6 டன். அதில் பாதி மேல் வடம் வழியாகக் கம்பத்தின் உச்சியில் இழுக்கிறது. 8 மீட்டர் உயரத்தில் 800 கிலோவைப் பக்கவாட்டில் கட்டித் தொங்கவிட்டது போல. விசையை அது இயங்கும் உயரத்தால் பெருக்கினால் கம்பத்தின் அடியை வளைக்கும் வளைவு விசை கிடைக்கும்: இங்கே 6.4 டன்-மீட்டர்.

நம் பகுதியில் அதிகம் நடப்படும் 6 அங்குல ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப், அதில் தடித்த வகையே ஆனாலும், சுமார் 2.5 டன்-மீட்டரில் வளையத் தொடங்கிவிடும். அப்படியென்றால் அந்தப் பைப்பே கூடாதா? அப்படியில்லை. கைவசம் நான்கு வழிகள் உண்டு.

1. கண்ணியைப் பெரிதாக்கலாம். கால்பந்து வலை போட்டால் 6.4 என்பது 2.9 ஆகிறது.
2. கம்பங்களை நெருக்கலாம். 10 மீட்டர் இடைவெளியை 5 ஆக்கினால் ஒவ்வொரு கம்பத்தின் சுமையும் பாதி.
3. பின்னால் இழுவைக் கம்பி கட்டலாம். வடசென்னையில் பெரும்பாலும் இதற்கு இடம் இருக்காது. நடைபாதையில் கம்பி நீட்டுவது இன்னோர் ஆபத்து.
4. புயலுக்கு முன் வலையை இறக்கிவிடலாம். 100 கி.மீ. காற்றுக்கு மேல் வலை மேலே இருக்காது என்று உறுதியாகச் சொல்ல முடிந்தால், அதே கிரிக்கெட் வலை தரும் வளைவு விசை 2 டன்-மீட்டர்தான்.

எதை எதனுடன் சேர்ப்பது, எவ்வளவு பாதுகாப்பு இடைவெளி விடுவது என்பதைப் பொறியாளர்தான் முடிவு செய்ய வேண்டும். ஆனால் மதிப்பீட்டுத் தாளில் இந்த நான்கில் எதுவுமே இல்லாமல் "6 அங்குலக் கம்பம், 8 மீட்டர் வலை" என்று மட்டும் இருந்தால், ஊர்க்காரர்கள் கேள்வி கேட்கலாம்.

உயரத்தைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். "பந்து மேலே போகிறது, இன்னும் 2 மீட்டர் ஏற்றுங்கள்" என்பார்கள். 8 மீட்டர் 10 ஆனால் பரப்பும் கூடும், விசை இயங்கும் உயரமும் கூடும். இரண்டும் பெருக்கினால் வளைவு விசை 56 விழுக்காடு அதிகம். பழைய கம்பத்தின் தலையில் ஒரு துண்டு பைப்பை வெல்டிங் வைத்து உயர்த்துவது இதனால்தான் கூடாது. வெல்டிங் நன்றாக இருக்கலாம். கம்பத்தின் அடியும் குழியும் பழைய உயரத்துக்குப் போட்டவை.

குழி விஷயத்தில் மின்கம்பப் பழக்கம் நம்மை ஏமாற்றும். மின்கம்பத்தை மொத்த நீளத்தில் ஆறில் ஒரு பங்கு புதைப்பது நெடுநாள் வழக்கம். ஆனால் மின்கம்பம் தாங்குவது சில கம்பிகளை. அவற்றின் மேல் விழும் காற்று மிகக் குறைவு. வலைக்கம்பத்துக்கு அந்த விதி போதாது. மேலும் இங்கே பெருங்காற்றும் பெருமழையும் வடகிழக்குப் பருவத்தில் கைகோத்து வருபவை. கேப்டன் காட்டன் கால்வாய், ஓட்டேரி நல்லா ஆகிய நீர்வழிகளின் ஓரத்துத் தாழ்நிலங்களில் தண்ணீர் நாள்கணக்கில் நிற்கும். ஊறிய மண்ணின் பிடி தளர்ந்திருக்கும் அதே நேரத்தில்தான் கம்பத்துக்கு அதன் பிடி மிகவும் தேவைப்படுகிறது. கோடையில் காய்ந்த தரையைத் தட்டிப் பார்த்து ஆழத்தை முடிவு செய்யக் கூடாது.

வடத்தை ஏன் முறுக்கி இழுக்கக் கூடாது

மேல் வடம் கொஞ்சம் தொய்ந்தால் பார்க்க அழகாக இல்லை என்று, வடத்தை இறுக்கும் திருகான டர்ன்பக்கிளைத் திருகித் திருகி நேர்கோடாக்கிவிடுவார்கள். நேராக இருந்தால் பலம் என்று தோன்றும். நடப்பது நேர்மாறு.

துணி காயப்போடும் கொடியை நினைத்துப் பாருங்கள். தொய்வாகக் கட்டிய கொடியின் நடுவில் ஈரப் போர்வையைப் போட்டால் ஆணி தாங்கும். வீணைக் கம்பி போல இழுத்துக் கட்டிய கொடியில் அதே போர்வையைப் போட்டால் ஆணி பிடுங்கிக்கொண்டு வரும். பக்கவாட்டில் விழும் சுமையைக் கயிறு வளைந்துதான் தாங்க முடியும். வளைய இடம் கொடுக்காவிட்டால் இழுவிசை பல மடங்காகிறது.

நமது மேல் வடம் காற்றில் மீட்டருக்கு 80 கிலோ வாங்குகிறது, கம்ப இடைவெளி 10 மீட்டர். காற்றில் நடுப்பகுதி அரை மீட்டர் புடைக்க இடம் இருந்தால் வடத்தின் இழுவிசை 2 டன். 20 செ.மீ. மட்டும் புடைத்தால் 5 டன். 10 செ.மீ. என்றால் 10 டன். நடைமுறையில் வடம் நீளும், கம்பமும் சற்று வளைந்து கொடுக்கும். அதனால் கடைசி எண் அப்படியே வராது. ஆனால் போக்கு இதுதான். 8 மி.மீ. வயர் ரோப் அறுபடும் அளவே மூன்றரை முதல் நான்கு டன்தான் என்பதை நினைவில் வைத்தால், நேர்கோடாக இழுத்த வடம் ஏன் முதலில் அறுகிறது என்பது புரியும். மேலே சொன்ன அளவு வலைக்கு 10 மி.மீ. வடமே பொருத்தம் என்பேன்.

இந்த இழுவிசை எங்கே போய்ச் சேருகிறது? இடைக்கம்பத்தில் இடது வடமும் வலது வடமும் எதிரெதிராக இழுப்பதால் ஒன்றை ஒன்று சமன் செய்துவிடும். கடைக்கம்பத்துக்கு அந்தத் துணை இல்லை. முழு இழுவையையும் ஒரு பக்கமாகவே தாங்குகிறது. எல்லாக் கம்பங்களையும் ஒரே தடிமனில் வாங்கி நட்ட வரிசைகளில் மூலைக் கம்பம் உள்பக்கமாகக் குனிந்து நிற்பதைப் பார்க்கலாம். கடைக்கம்பத்துக்குத் தடித்த பைப்பும் பெரிய குழியும் தேவை. முடிந்தால் அடுத்த கம்பத்துடன் இணைக்கும் சாய்வுத் தாங்கி ஒன்றும் வேண்டும்.

வடத்தின் முனையை மடித்துக் கிளாம்ப் போடும் இடத்தில் செய்யும் ஒரு சிறு பிழை எல்லாக் கணக்கையும் வீணாக்கும். கிளாம்ப்புக்கு இரண்டு பாகம்: வளைந்த யூ போல்ட், பள்ளம் வைத்த அடிக்கட்டை. யூ போல்ட் வடத்தை நசுக்கும், அடிக்கட்டை நசுக்காது. ஆகவே சுமை தாங்கும் நீளமான பக்கத்தில் அடிக்கட்டையும், மடித்து வந்த குட்டைப் பக்கத்தில் யூ போல்ட்டும் உட்கார வேண்டும். 8 மி.மீ. வடத்துக்கு மூன்று கிளாம்ப், மூன்றும் ஒரே திசையில், சுமார் 5 செ.மீ. இடைவெளியில். மடிப்புக்குள் திம்பிள் எனும் வளைந்த உலோகக் காப்பு இல்லாமல் போட்டால் வடம் கூர்மையாக மடங்கி அங்கேயே இழைகள் அறும். சரியாகப் போட்டாலும் வடத்தின் பலத்தில் 80 விழுக்காடுதான் கிடைக்கும். வலை ஏற்றிச் சில நாள் கழித்து நட்டுகளை மறுபடி இறுக்க வேண்டும். சுமை ஏறியதும் வடம் மெலிந்து கிளாம்ப் தளர்வது இயல்பு.

கண்ணி அளவில் நடக்கும் குழப்பம்

மீன்வலைக் கடையில் 100 மி.மீ. கண்ணி என்றால், கண்ணியை இழுத்து மூடிப் பிடித்து ஒரு முடிச்சிலிருந்து எதிர் முடிச்சு வரை அளந்தது. விளையாட்டு வலையில் 100 மி.மீ. என்றால் பெரும்பாலும் சதுரத்தின் ஒரு பக்கம். ஆக, முன்னதின் 100 பின்னதின் 50. "100 மி.மீ. வலை" என்று மட்டும் எழுதிவிட்டு விலைப்புள்ளி வாங்கினால், வருவது அடைப்பு விகிதம் இரண்டு மடங்கான வலையாக இருக்கக்கூடும். எந்த அளவு என்பதை எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். அதே காரணத்தால் இழுத்து அளந்த அகலத்தில் சுமார் 70 விழுக்காடுதான் கண்ணி சதுரமாக நிற்கும்போது கிடைக்கும். குறைவாக வாங்கிவிட்டு இழுத்துப் பிடித்துக் கட்டினால் மறுபடி விறைப்பு.

பழைய மீன்வலையை வாங்கிக் கட்டலாமா? கோல் போஸ்ட்டுக்குப் பின்னால் பத்தடி உயரத்துக்கு என்றால் தாராளமாக. உயரத்துக்கு வேண்டாம். வெயிலில் காய்ந்த நூல் எவ்வளவு பலம் இழந்திருக்கிறது என்பது பார்வைக்குத் தெரியாது. விசைப்படகுகள் இழுத்துச் செல்லும் இழுவைமடியின் கடைப்பகுதி வலைகளில் கண்ணி மிகச் சிறியது. கண்ணாடி போன்ற ஒற்றை இழையால் ஆன நரம்பு வலையை எந்த உயரத்திலும் தொங்கவிடக் கூடாது. அது பறவைகளின் கண்ணுக்குத் தெரியாது, அவை சிக்கி இறக்கும்.

புதிதாக வாங்குவதானால், நைலான் நன்றாக நீண்டு மோதலை உள்வாங்கும்; ஆனால் தண்ணீர் குடிக்கும், ஈரத்தில் பலம் சற்றுக் குறையும், வெயில் பாதுகாப்புப் பூச்சு இல்லாவிட்டால் சீக்கிரம் நலியும். எச்.டி.பி.இ. தண்ணீர் குடிக்காது, விலையும் குறைவு. கரும்புகை நிறமி கலந்த கறுப்பு எச்.டி.பி.இ. நம் வெயிலுக்கு ஏற்றது.

வலையைக் கட்டும் கை யாருடையது என்பதும் முக்கியம். கண்ணி எண்ணிக் கயிற்றில் கோப்பது, கிழிந்த இடத்தைச் சுற்றி வெட்டிப் புதுக்கண்ணி போடுவது ஆகியவை காசிமேட்டுத் துறைமுகத்தில் வலை பின்னுபவர்களுக்குக் கைவந்த தொழில். பொருளை எங்கே வாங்கினாலும் அதைக் கோத்துக் கட்டும் வேலையை அவர்களிடம் கொடுப்பது நல்லது. ஆண்டுக்கொரு முறை கிழிசல் பார்க்கவும் பக்கத்திலேயே இருப்பார்கள்.

கூண்டு ஏறினால் வலை இறங்க வேண்டும்

வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு உருவானால் சென்னை, எண்ணூர் துறைமுகங்களில் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றுகிறார்கள். 1 முதல் 11 வரை எண்கள். கடலுக்குப் போகிறவர்கள் படகைக் கட்ட அதைத்தான் பார்க்கிறார்கள். மைதான வலைக்கும் அதே அடையாளத்தை எடுத்துக்கொள்ளலாம்: கூண்டு ஏறினால் அன்று மாலைக்குள் வலை கீழே.

இது நடக்க வேண்டுமானால் வலையை இறக்கும் வசதி முதலிலேயே அமைந்திருக்க வேண்டும். உச்சியில் கப்பி வைத்துக் கொடிக்கயிறு போல ஏற்றி இறக்குவது ஒரு முறை. மேல் வடத்தில் வளையங்கள் கோத்துத் திரைச்சீலை போல ஒரு மூலைக்கு இழுத்துச் சுருட்டிக் கட்டுவது இன்னொன்று. ஆள் குறைவாக உள்ள இடத்துக்கு இதுவே சுலபம். வடத்தோடு வலையை நிரந்தரமாகக் கட்டிவிட்டால் ஏணி வைத்து ஒவ்வொரு முடிச்சாக அவிழ்க்க வேண்டும். புயல் நாளில் அதை யாரும் செய்ய மாட்டார்கள், செய்யச் சொல்லவும் கூடாது.

இறக்க முடியாமல் போனால் என்ன செய்வது என்பதற்கும் ஏற்பாடு உண்டு. வலையை வடத்தோடு பிணைக்கும் சிறு கயிறுகளை வேண்டுமென்றே மெலிதாகப் போடுவார்கள். காற்று அளவு மீறினால் முதலில் அவை அறும், வலை கொடி போலப் பறந்து சுமையை விட்டுவிடும், கம்பம் நிற்கும். மறுநாள் கயிறு மாற்றச் சில நூறு ரூபாய் போதும். "பிய்யாமல் இருக்கட்டும்" என்று அந்த இடங்களில் கட்டுக்கம்பி போட்டு முறுக்குவது, வீட்டு மின்பெட்டியில் ஃபியூஸுக்குப் பதில் தடித்த கம்பி போடுவது போன்ற தவறு.

மின்கம்பியும் தோண்டும் குழியும்

வடமும் கம்பமும் இரும்பு. 11 ஆயிரம் வோல்ட் மின்பாதைக்கும் கட்டுமானத்துக்கும் பக்கவாட்டில் 1.2 மீட்டர் இடைவெளி விதிப்படி கட்டாயம். வலைக்கு அது போதுமா என்றால், அறுந்த வடம் எவ்வளவு தூரம் வீசியடிக்கும் என்பதையும் சேர்த்து யோசிக்க வேண்டும். மின்பாதை ஓடும் பக்கத்தில் கம்பங்களை உள்ளே தள்ளி நடுவதே சரி. குழி தோண்டும் முன் தரைக்கடியில் போகும் மின்கேபிளும் குடிநீர்க் குழாயும் எங்கே என்று மின்வாரியத்திடமும் குடிநீர் வாரியத்திடமும் கேட்டறிய வேண்டும். தெரு ஓர மைதானங்களில் இரண்டும் வேலிக்கு ஒட்டியே ஓடும்.

உப்புக் காற்று

கடலிலிருந்து வரும் உப்பும், மணலி–எண்ணூர் ஆலைப் பகுதிக் காற்றில் உள்ள கந்தக டைஆக்சைடும் துத்தநாகப் பூச்சை வேகமாகத் தின்னும். கம்பத்தை உருகிய துத்தநாகத்தில் முழுக்கி எடுத்த ஹாட் டிப் கால்வனைசிங்தான் இங்கே செல்லும். பளபளக்கும் மெல்லிய மின்முலாம் பூசிய கிளாம்ப்பும் டர்ன்பக்கிளும் ஒரு பருவமழையிலேயே சிவக்கத் தொடங்கும். துளையிடுவதும் வெல்டிங்கும் பூச்சுக்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். கம்பத்தின் உச்சியில் மூடி இல்லாவிட்டால் மழைநீர் உள்ளே இறங்கி உள்சுவரை அரிக்கும். வெளியே வண்ணம் புதிதாகவே தெரியும்.

துரு முதலில் பிடிக்கும் இடம் தரைமட்டத்துக்கு ஒரு சாண் மேலும் கீழும். வளைவு விசை உச்சத்தில் இருப்பதும் அங்கேதான். ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர் மழைக்கு முன் அந்த இடத்து மண்ணை விலக்கி, சிறு சுத்தியலால் சுற்றித் தட்டிப் பார்க்க வேண்டும். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும். மொத்தென்ற ஓசை வந்தால், அந்தக் கம்பத்திலிருந்து அன்றே வலையை இறக்கிவிட வேண்டும்.